நாற்பத்திரண்டு படிகளும் நல்லெண்ணெயும்

ஸ்ரீரங்கத்தில் பிறந்து நாற்பத்து நான்கு வயது வரை நீச்சல் தெரியாமல் இருப்பதற்கே தனித் திறமை வேண்டும். தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம், நடுவில் வரது. இரண்டு ஆற்றிலும் அவன் கணுக்காலுக்கு மேல் நனைந்ததில்லை. கடலை வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை ராமேசுவரத்தில் பார்த்தான். முதல் அலையே வந்து அவன் மூக்குக்கண்ணாடியை வாங்கிக்கொண்டு போய்விட்டது. மிச்சக் கடல் முழுக்க மங்கலாகத்தான் தெரிந்தது. ஆகவே அவன் கடலைப் பார்த்ததாகவே கணக்கில்லை என்பது மனைவி சத்யபாமாவின் கட்சி.

அப்பேர்ப்பட்டவனிடம்தான் கடலுக்குள் நிற்கப்போகிற ஒரு ஏணியைத் துருப்பிடிக்காமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள்.

தலைமுறை தலைமுறையாகக் கோயில் கைங்கரியம் செய்கிற குடும்பம் அவனுடையது. அண்ணன் ரகுராம் வேத பாடசாலையில் ஒழுங்காகப் படித்து, ஒழுங்காகக் கைங்கரியத்தில் நின்றான். வரதுவையும் பத்து வயதில் அதே பாடசாலையில் சேர்த்தார்கள். பதினோராவது மாதம் வாத்தியார் வீட்டுக்கே வந்துவிட்டார். "குழந்தை நன்னா சிரிக்கிறான். வேற ஏதாவது படிக்கட்டும்" என்று சொல்லி, தீர்த்தம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனார். அந்த வேறு ஏதாவது, பி.எஸ்சி. இயற்பியல் ஆயிற்று. அதில் இரண்டு அரியர் இன்றைக்கும் பல்கலைக்கழகத்தில் பத்திரமாக இருக்கின்றன. பிறகு காவிரிக்கரையில் தண்ணீர் சுத்தப்படுத்தும் இயந்திரம் விற்றான். மலைக்கோட்டைக் கடைவீதியில் செல்போன் உறை விற்றான். உறை வாங்க வந்தவர்களைவிட வழி கேட்க வந்தவர்கள் அதிகம். வழி நன்றாகச் சொல்வான். நாற்பத்தொன்றாவது வயதில் யாரோ சொன்னார்கள் என்று, இரும்பின் மேல் பூசும் பெயின்ட்டைப் பரிசோதிக்கும் வகுப்பு ஒன்றில் சேர்ந்தான். வாழ்க்கையில் அவன் முழுதாக முடித்த ஒரே படிப்பு அதுதான். மொத்தமே மூன்று வாரம் என்பதால் ஓடிப்போக அவகாசம் கிடைக்கவில்லை.

அந்தப் படிப்பை நம்பி அவனை வேலைக்கு எடுத்தவர் துவாக்குடியில் ஷெட் வைத்திருக்கும் அரவிந்தன். வேலை இதுதான்: பூசிய பெயின்ட் போதுமான கனத்தில் இருக்கிறதா என்று கைக்கடக்கமான ஒரு மீட்டரை வைத்துப் பார்ப்பது, பூசுவதற்கு முன்னால் இரும்பை யாரும் வெறுங்கையால் தொட்டுவிடாமல் கத்துவது. விரலில் இருக்கும் பிசுக்கு போதும், அந்த இடத்தில் பெயின்ட் ஒட்டாது. முக்கால்வாசி வேலை கத்துவதுதான். பெயின்ட் அடிக்கிற பாலக்கரை ரெஜிஸ் ஒரு நாள் முறுக்கு தின்ற கையோடு இரும்பைத் தொட்டதற்கு வரது போட்ட சத்தத்தில் அடுத்த ஷெட்டிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள்.

"முறுக்குதான சாமி, பாம் இல்லியே" என்றார் ரெஜிஸ். ஸ்ரீரங்கத்திலிருந்து வருகிறவன் என்பதால் ஷெட்டில் எல்லோருக்கும் வரது 'சாமி'தான். அந்தப் பெயருக்கு அவன் செய்தது ஒன்றுமில்லை. ஆனாலும் கேட்க நன்றாக இருந்தது.

அந்த ஷெட் முன்பெல்லாம் நிலக்கரி அனல்மின் நிலையங்களின் கொதிகலனுக்கு உதிரிபாகம் செய்து வாழ்ந்தது. அந்த வேலை வருஷத்துக்கு வருஷம் குறைந்தது. அறுபது பேர் இருந்த இடத்தில் இருபத்திரண்டு பேர் மிஞ்சினார்கள். ஷெட்டின் ஒரு பாதியில் புறாக்கள் குடித்தனம் வைத்தன. அப்போதுதான் கடலில் காற்றாலை நிறுத்தத் திட்டம் போட்டிருந்த ஒரு கம்பெனி, மாதிரிக்கு ஒரே ஒரு ஏணி செய்து தரச் சொன்னது. கடலுக்குள் நிற்கும் தூணில் படகிலிருந்து தாவி ஏறுவதற்கான ஏணி. நாற்பத்திரண்டு படி. இது தேறினால் அடுத்தடுத்த தூண்களுக்கும் ஏணி, மேடை, கைப்பிடி எல்லாம் இங்கேயே.

அரவிந்தன் எல்லோரையும் நிற்க வைத்து விளக்கினார். "தரையில நிக்கிற காத்தாடி ஆடி மாசம் பேயா சுத்தும், அப்புறம் பாதி வருஷம் கொட்டாவி விடும். கடல்ல காத்து அப்படித் தூங்காது. நிலம் வேணாம், கரி வேணாம், புகை இல்ல, கொட்ட இடம் தேடுற சாம்பல் இல்ல. நம்மகிட்ட கடல் இல்லதான். ஆனா அதுக்கு வேணும்கிற இரும்பு வேலை தெரிஞ்ச கை இருக்கு."

"அப்ப நாம காத்தாடி செய்யுறோமா சார்?" என்று கேட்டாள் மகாலட்சுமி. வெல்டிங் பிசிறுகளைத் தேய்த்துச் சமப்படுத்துகிற வேலை அவளுடையது. துறையூர்ப் பக்கத்துப் பெண்; அந்த இருபத்திரண்டு பேரில் கடைசியாகச் சேர்ந்தவள். ஆளைக் குறைத்தால் முதலில் போகிறவளும் அவள்தான்.

"இல்லம்மா. ஏணி."

வரதுவுக்கு அது பிடித்திருந்தது. உலகத்தை மாற்றுகிற காரியத்தில் தனக்கு ஒரு பங்கு உண்டென்றால், அது ஏணிக்குப் பெயின்ட் காய்ந்ததா என்று பார்க்கிற அளவில்தான் இருக்கும் என்று அவனுக்கு முன்பே தெரியும்.

கம்பெனி சார்பில் பரிசோதனைக்கு வந்தது ரஞ்சனி. இருபத்தாறு வயது, மண்ணச்சநல்லூர்க்காரி; அப்பா அரிசி ஆலைக்கு லாரி ஓட்டுகிறவர். முதல் நாளே வரதுவிடம் வந்து கீழ்ப்படிகளைக் காட்டினாள்.

"சார், இந்தப் பத்துப் படிதான் முக்கியம். தண்ணியும் காத்தும் மாறி மாறி அடிக்கிற இடம். துரு இங்கதான் பிடிக்கும். படகு மேலயும் கீழயும் ஆடிட்டு இருக்கும், சரியான நேரத்துல தாவிப் பிடிக்கணும். முதல் ஆளா ஏறப்போறது நான்தான். எனக்காகவாவது ஒழுங்கா பாருங்க."

"மீன்பிடிக்கிறவங்க வலையெல்லாம் என்னாகும் மேடம்?" என்று குறுக்கே கேட்டார் ரெஜிஸ்.

"அத அவங்ககிட்டயே உக்காந்து பேசித்தான் எங்க நிறுத்துறதுன்னு முடிவு பண்ணணும். தூண் இறக்குறப்ப சத்தம் இருக்கும், அதுவும் நெசம். நின்ன பிறகு தூணைச் சுத்தி சிப்பி ஒட்டும், குட்டி மீன் அண்டும்னு படிச்சிருக்கேன். நான் இன்னும் பாக்கல. பாத்துட்டு வந்து சொல்றேன்."

பாத்துட்டு வந்து சொல்றேன் என்று சொல்கிற ஆளை வரதுவுக்கு உடனே பிடித்துவிட்டது. அவன் பார்க்காமலே சொல்கிற ரகம்.

வியாழக்கிழமை முதல் பூச்சு அடித்தார்கள், சாம்பல் நிறம். வெள்ளிக்கிழமை காலை அரவிந்தன் காலண்டரும் கையுமாக வந்தார்.

"வரது சார், முதல் கடல் வேலை. பத்தரைக்கு முன்னாடி ஒரு பூஜை போட்டுடுங்க. ஸ்ரீரங்கத்து ஆளை வெச்சுக்கிட்டு வெளியில ஆள் தேடுனா நல்லாவா இருக்கும்?"

எனக்கு மந்திரம் தெரியாது என்று மூன்று வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆனால் இருபத்திரண்டு பேர் செருப்பைக் கழற்றிவிட்டு, கைகூப்பி, அவனையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பாடசாலை, கல்லூரி, கடைவீதி எங்கேயும் கிடைக்காத மரியாதை. வரது கண்ணை மூடினான். பத்து வயதில் கற்றது ஒன்றரை வரி நினைவுக்கு வந்தது. அது தீர்ந்ததும் நிறுத்தத் தெரியவில்லை. எதிரே இருந்த பெயின்ட் டப்பாவின் லேபிளை அதே ராகத்தில் ஓதத் தொடங்கினான்.

"எபாக்ஸி பாலிஅமைட்... பார்ட் ஏ பார்ட் பி... சமமாக் கலக்கி... ஹார்ட்னராய நமஹ..."

எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ரெஜிஸ் மட்டும் ஒரு கண்ணைத் திறந்தார். "சாமி, நடுவுல ஹார்ட்னர்னு ஒண்ணு கேட்டுச்சே?"

"அது சமஸ்கிருதம், பேசாம இருய்யா."

இதோடு நின்றிருந்தால் பெருமாள் சிரித்துவிட்டு மன்னித்திருப்பார். மகாலட்சுமி ஒரு தட்டில் மஞ்சளும் குங்குமமும் கொண்டுவந்தாள். "சாமி, இந்த வேலை தங்கணும்னு மலைக்கோட்டைல படிக்குப் படி மஞ்சள் குங்குமம் வைக்கிறேன்னு வேண்டியிருக்கேன். இதுவும் படிதான? இதுக்கும் வெச்சிடலாமா?"

படுக்க வைத்திருந்த ஏணியில் அவள் முதல் படிக்கு வைத்தாள். வழவழப்பான பூச்சில் குங்குமம் நிற்காமல் உதிர்ந்தது. இரண்டாவது படியிலும் உதிர்ந்தது. அவள் முகம் சுண்டிப்போயிற்று. அபசகுனம் என்று யாரோ பின்னால் முணுமுணுத்தார்கள்.

வரது புத்திசாலி. விளக்கிலிருந்த நல்லெண்ணெயில் விரலைத் தோய்த்து, படியில் தடவி, அதன்மேல் குங்குமத்தை அழுத்தினான். கெட்டியாக ஒட்டியது. மகாலட்சுமியின் முகம் மலர்ந்தது. அந்த முகத்துக்காக நாற்பத்திரண்டு படிக்கும் அவனே வைத்தான். முறுக்குப் பிசுக்குக்கு ஊரைக் கூட்டியவன்! பூஜை முடிந்ததும் பழந்துணியால் பொட்டையெல்லாம் துடைத்தான். அதாவது, பொட்டளவு இருந்த எண்ணெயைப் படியளவு பரப்பினான். மத்தியானம் ரெஜிஸ் இரண்டாவது பூச்சு அடித்தார். திங்கட்கிழமை கடைசிப் பூச்சு, பளிச்சென்று மஞ்சள் நிறம். மகாலட்சுமிக்கு ஒரே சந்தோஷம். "பாத்தீங்களா சாமி, கம்பெனிக்காரனே மஞ்சள் பூசச் சொல்லியிருக்கான்."

புதன்கிழமை மாலை, ஏணியைத் திருப்பிப் போட கிரேன் சங்கிலியைக் கட்டினார்கள். சங்கிலி ஒரு படியில் உரசியது. பால் ஆடை மாதிரி ஒரு துண்டு பெயின்ட் சுருண்டு கீழே விழுந்தது. வரது எடுத்துத் திருப்பினான். அடிப்பக்கம் இளஞ்சிவப்பாக இருந்தது. குங்குமம்.

பக்கத்துப் படியை நகத்தால் கீறினான், உரிந்து வந்தது. அதற்கடுத்த படியும். அவன் அந்தத் துண்டை நோட்டுத்தாளில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். திரும்பிப் பார்த்தான். யாரும் கவனிக்கவில்லை. உரிந்த இடங்களில் கொஞ்சம் மஞ்சள் பெயின்ட்டைத் தொட்டு மூடினான். நன்றாகவே மூடியிருந்தான். கெட்ட காரியம் மட்டும் அவனுக்கு முதல் தடவையே சரியாக வரும்.

மறுநாள் ரஞ்சனி வருகிறாள். ஆனால் பெயின்ட் கெட்டியாக ஒட்டியிருக்கிறதா என்று அவள் ஏணியிலேயே இழுத்துப் பார்க்க மாட்டாள். பார்த்தால் பெயின்ட் போய்விடுமே. அதற்காக ஏணியோடு சேர்த்தே ஒரு மாதிரித் தகட்டுக்கும் மூன்று பூச்சு அடித்திருந்தார்கள். இழுப்பது அந்தத் தகட்டில்தான். தகட்டுக்கு யாரும் குங்குமம் வைக்கவில்லை. அது நிச்சயம் தேறும். ஏணி கடலுக்குப் போகும். ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ கழித்து உரியும். அப்போது உப்பின் மேல் பழியைப் போட்டுவிடலாம். கடல் வந்து மறுத்துப் பேசப்போவதில்லை.

சொன்னாலோ, மாதிரி ஏணியே கோணல் என்று கம்பெனி வேறு ஊருக்குப் போய்விடலாம். புறாக்களுக்கு ஷெட்டின் மறுபாதியும் கிடைக்கும்.

வீட்டில் சத்யபாமா தளிகையை முடித்து அடுப்பை அணைத்துவிட்டு, கடலோர ஊரில் இருக்கும் அக்காவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். அனல்மின் நிலையத்துக்கு இரண்டு கிலோமீட்டரில் அக்கா வீடு.

"அக்கா மாடில வடாம் காயப்போட்டாளாம். சாயங்காலம் எடுத்தா, சாம்பல் விழுந்து எள்ளு வடாம் மாதிரி ஆயிடுத்தாம். உங்க காத்தாடி எப்போ வரும்னு கேக்கறா."

"நாங்க காத்தாடி பண்ணலை. ஏணி."

"ஏணி எப்போ வரும்னு கேக்கறா."

வரது காப்பியை ஆற்றிக்கொண்டே இருந்தான். "சத்யா, ஒரு சந்தேகம்."

"நீங்க சந்தேகம்னு ஆரம்பிச்சா எதையோ உடைச்சுட்டேள்னு அர்த்தம். என்ன உடைஞ்சுது?"

சொன்னான். டப்பா மந்திரத்திலிருந்து சட்டைப்பைத் துண்டு வரைக்கும். அவள் மந்திரத்துக்குச் சிரித்தாள், எண்ணெய்க்குச் சிரிப்பதை நிறுத்தினாள். துண்டை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தாள்.

"அதுல யார் ஏறப்போறா?"

"மண்ணச்சநல்லூர்ப் பொண்ணு ஒருத்தி."

அவள் துண்டை மடித்து அவன் பையிலேயே திருப்பி வைத்தாள். "நாளைக்கு ரெண்டு இட்லி கூட வைக்கறேன்."

"எதுக்கு?"

"வேலை போயிட்டா மத்தியானமே கிளம்பணுமே. துவாக்குடிலேர்ந்து பஸ்ல வரச்சே பசிக்கும்."

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு ரஞ்சனி மாதிரித் தகட்டில் ஷெட் ஆட்கள் முந்தின நாளே பசை போட்டு ஒட்டியிருந்த உலோகக் குமிழ்களை ஒவ்வொன்றாக இழுத்தாள். பெயின்ட் அசையவில்லை. கேட்டிருந்ததைப் போல இரண்டு மடங்கு பிடிமானம். அரவிந்தன் முகத்தில் பல வருஷம் காணாமல் போயிருந்த ஒரு பல் தெரிந்தது. மகாலட்சுமி எல்லோருக்கும் டீ எடுத்து வந்தாள். ரஞ்சனி ஏணியின் கீழ்ப்படியில் ஒரு காலைத் தூக்கி வைத்து, முழங்காலில் அட்டையை வைத்துக்கொண்டு கையெழுத்துப் போடக் குனிந்தாள்.

வரது அவள் ஷூவைப் பார்த்தான். சின்ன ஷூ. லேஸை இரண்டு முடிச்சாகப் போட்டிருந்தாள், பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும்போது அம்மாக்கள் போட்டுவிடுகிற மாதிரி.

"மேடம், கையெழுத்துப் போடாதீங்க."

குரல் கீச்சென்று வந்தது. வீரமாகச் சொல்லவேண்டிய இடங்களிலெல்லாம் அவனுக்கு இந்தக் குரல்தான் வரும். நோட்டுத்தாளைப் பிரித்து, துண்டைக் கவிழ்த்து அவள் கையில் வைத்தான்.

"இது என்ன சார், சிவப்பா?"

"குங்குமம்."

அவள் மோந்து பார்த்தாள். "நல்லெண்ணெயா?"

"ஆமாம் மேடம். செக்குல ஆட்டினது."

"அந்த விவரம் வேணாம் சார். எத்தனை படி?"

"நாற்பத்திரண்டும். நான்தான் வெச்சேன். நேத்து மூணு இடத்துல உரிஞ்சுது, அதையும் நானே பூசி மறைச்சேன்." ஆரம்பித்தாகிவிட்டது, எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் என்று தோன்றியது. "இன்னொண்ணு. எனக்கு மந்திரமும் தெரியாது. அன்னைக்குச் சொன்னது பெயின்ட் டப்பா."

"நான் அப்பவே சொன்னேன், ஹார்ட்னர்னு!" என்றார் ரெஜிஸ். யாரும் சிரிக்கவில்லை. மகாலட்சுமி டீத்தட்டைக் கீழே வைத்தாள்.

"குங்குமம் வைக்கணும்னு கேட்டது நான் மேடம். சாமி மேல மட்டும் எழுதாதீங்க."

"எண்ணெய் என் மூளைம்மா. அதுல பங்கு கேக்காத."

அரவிந்தன் வரதுவைக் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனார். திட்டுவார் என்று நினைத்தான். அவர் திட்டாதது இன்னும் மோசமாக இருந்தது. "நேத்தே என்கிட்ட சொல்லியிருக்கலாமே வரது சார்."

"நேத்து தைரியம் வரல சார்."

"இன்னைக்கு எப்படி வந்துச்சு?"

"இன்னைக்கும் வரல. அந்தப் பொண்ணு காலைத் தூக்கி அதுல வெச்சுது."

அரவிந்தன் திரும்பிப் படியைப் பார்த்தார். பிடித்திருந்த கையை விட்டார்.

ரஞ்சனி தேறவில்லை என்று எழுதினாள். எல்லாப் படியையும் மணல் வீசி இரும்பு தெரிகிற வரைக்கும் உரித்து, மறுபடியும் மூன்று பூச்சு. பத்து நாள் தாமதம். மற்ற ஏணிகள் இங்கே வருமா என்பது தன் கையில் இல்லை, இருக்கிறதை இருக்கிறபடி எழுதுவேன் என்றாள். படிவத்தில் 'குறைக்குக் காரணம்' என்ற கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தாள். கடைசியில் எழுதியதைத் திருப்பிக் காட்டினாள். 'படி பூஜை.' அதற்கடுத்த கட்டம், 'குறையைக் கண்டுபிடித்தவர்'. அதில் வரதராஜன் என்று முழுப்பெயர். மதிப்பெண் பட்டியலைத் தவிர வேறெங்கும் அந்த முழுப்பெயரை அவன் பார்த்ததில்லை. மதிப்பெண் பட்டியலில் அது இவ்வளவு நன்றாக இருந்ததில்லை.

பத்து நாளும் வரது கையுறையோடே திரிந்தான். ரெஜிஸ் சாப்பிட்ட கையை அவன் முகத்துக்கு நேரே நீட்டி, "சாமி, மோந்து பாத்துக்குங்க, நல்லெண்ணெய் இல்ல" என்று தினமும் சொன்னார். 'சாமி' என்று கூப்பிடுவதை யாரும் விடவில்லை. முன்பு அதில் இருந்த பயபக்தி போய்விட்டது. ஆனால் இப்போதுதான் அது தன்னைக் கூப்பிடுவது போல அவனுக்கு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மகாலட்சுமி மலைக்கோட்டையில் வேண்டுதலை முடித்தாள். மஞ்சள் தட்டைத் தூக்கிக்கொண்டு உச்சி வரைக்கும் வந்தாக வேண்டும் என்று வரதுவுக்குத் தண்டனை விதித்திருந்தாள். கருங்கல் படியில் குங்குமம் எண்ணெய் இல்லாமலே ஒட்டியது. பாதியில் அவன் மூச்சு வாங்க உட்கார்ந்தபோது, கைக்குழந்தையோடு ஒரு அம்மாள் தாண்டிப் போனாள்.

இரண்டாம் தடவை ரஞ்சனி தகட்டை மட்டும் இழுக்கவில்லை. பெயின்ட் போனால் மறுபடி பூசிக்கொள்ளலாம் என்று, கீழ்ப்படிகளில் மூன்றிலும் குமிழை ஒட்டி இழுத்துப் பார்த்தாள். பெயின்ட் அசையவில்லை. கையெழுத்துப் போட்டாள்.

மறுவாரம் கம்பெனியிலிருந்து பதில் வந்தது. எதிர்பார்த்த அத்தனையும் இல்லை. இப்போதைக்குப் பன்னிரண்டு ஏணி, பார்த்துவிட்டு மற்றது. மகாலட்சுமிக்கு வேலை உண்டு. புறாக்களை மட்டும் காலி செய்யச் சொல்லவேண்டியிருந்தது. கூடவே, எல்லா ஷெட்டுகளுக்குமான வேலை விதிகளில் புதிதாக ஒரு வரி சேர்த்து அனுப்பியிருந்தார்கள்: முதல் பூச்சு தொடங்கியதிலிருந்து கடைசிப் பூச்சு காய்கிற வரை எந்தச் சடங்கும் கூடாது. அரவிந்தன் அதைச் சுவரில் ஒட்டினார். இயற்பியலுக்குத் தன்னால் ஆன ஒரே பங்களிப்பு என்று வரது அதைச் சத்யபாமாவிடம் போட்டோ எடுத்துக் காட்டினான். அவள் அதை அக்காவுக்கு அனுப்பினாள். 'ஏணி கிளம்பியாச்சா?' என்று மட்டும் பதில் வந்தது.

ஏணி அன்று காலைதான் கிளம்பியது. லாரிச் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். ஏணியின் பக்கம் ஒருவரும் போகவில்லை. கயிறு இறுகியிருக்கிறதா என்று பார்க்கிற சாக்கில் வரது லாரியின் பின்னால் போனான். மஞ்சளாக, வெயிலில் கண்ணைக் கூச வைத்துக்கொண்டு, கீழ்ப்படி அவன் நெஞ்சு உயரத்தில் இருந்தது. தொடக் கையை நீட்டினான். பாதியில் நிறுத்தினான். சட்டைப்பையிலிருந்து கையுறையை எடுத்து, ஒவ்வொரு விரலாக நுழைத்து மாட்டிக்கொண்டு, அந்தப் படியை ஒரு தடவை தடவிக்கொடுத்தான்.

"சாமி, வண்டி கிளம்புது, தள்ளி நில்லுங்க!" என்று கத்தினார் ரெஜிஸ்.

"காய்ஞ்சிருக்கான்னு பாத்தேன்யா" என்றான் வரது.